ஆரல்வாய்மொழிக்கு இப்பாலும் அப்பாலும்: திருவனந்தபுரத்துச் சாலைகளில் இரண்டு குரூசர் வண்டிகள்

இந்திய நிலப்பரப்பின் தென்மேற்கு மூலையில், மேற்கே அரபிக் கடலுக்கும் கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பட்டையில் திருவனந்தபுரம் அமைந்திருப்பதால், அந்நகரிலிருந்து இருசக்கர வாகனத்தில் நெடுந்தூரம் புறப்படுவோருக்கு வாய்க்கும் வழிகள் எண்ணிக்கையில் சிலவே ஆயினும், தன்மையில் அவை ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டவை. தெற்கே செல்லும் வழி களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து நாகர்கோவிலை அடைந்து, அங்கிருந்து கன்னியாகுமரிக்கும் திருநெல்வேலிக்குமாகப் பிரிகிறது. வடகிழக்கு வழி நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை வழியாகத் தென்மலைக்கு ஏறிச் செங்கோட்டையில் இறங்குகிறது. விதுரையைத் தாண்டிச் செல்லும் சிறு கிளையொன்று பொன்முடி உச்சியில் முடிகிறது. வடக்கு நோக்கிய இரு பெருவழிகளில் ஒன்று கடலோரமாகக் கொல்லம், ஆலப்புழைக்கும், எம்.சி. ரோடு எனப்படும் மற்றொன்று உள்நாட்டு ஊர்களின் ஊடாக அங்கமாலிக்கும் செல்கின்றன. இந்நகரில் ஒருவர் நெடும்பயணத்துக்கென வண்டி வாங்க முற்படும்போது எது வசதியானது என்ற கேள்விக்கான விடையை விற்பனைக் கூடத்தின் அட்டவணையைவிட இந்தச் சாலைகளே தெளிவாகத் தருகின்றன. ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் மீட்டியோர் 350, சூப்பர் மீட்டியோர் 650 ஆகிய இரண்டையும் அச்சாலைகளின் மேல் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குரூசர் என்பது தாழ்ந்த இருக்கை, நீண்ட சக்கர இடைவெளி, முன்னோக்கித் தள்ளி வைக்கப்பட்ட கால்மிதி, உடலை நோக்கிச் சற்றே வளைந்த உயரமான ஹேண்டில்பார் ஆகியவற்றால் அடையாளம் காணப்படும் வண்டி வகை. நேராகவும் நெடிதாகவும் கிடக்கும் அமெரிக்கச் சாலைகளில், விரைவைக் காட்டிலும் சீரான ஓட்டத்தை விரும்பியவர்களுக்காக அது உருப்பெற்றது. இந்தியாவில் இவ்வகையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது 2001இல் வந்த கவாசாகி பஜாஜ் எலிமினேட்டர். அதன் வழித்தோன்றலாக 2005இல் அவெஞ்சர் வந்தது. இவற்றுக்கு இடையே 2002இல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு வெளியாயிற்று. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்து வேரூன்றிய அந்நிறுவனம், 1950களில் இங்கிலாந்தில் தயாரித்த இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்குச் சூட்டியிருந்த மீட்டியோர் என்ற பெயரை மீண்டும் எடுத்து, 2020 நவம்பரில் தண்டர்பேர்டின் இடத்தில் மீட்டியோர் 350ஐயும், 2023 சனவரியில் சூப்பர் மீட்டியோர் 650ஐயும் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பெயரிலும் தோற்றத்திலும் உடன்பிறப்புகளாக இருப்பினும் இரண்டின் உள்ளமைப்பும் வேறு. மீட்டியோரில் உள்ளது 349 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். அதன் சிலிண்டர் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழுமாகச் செல்லும் வீச்சு 85.8 மி.மீ. இவ்வாறு விட்டத்தைவிட வீச்சு நீண்டிருக்கும் எஞ்சின், குறைந்த சுழற்சியிலேயே தன் முறுக்கு விசையை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவையை, வெளிப்படுத்தும் இயல்புடையது; நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் 27 நியூட்டன் மீட்டர் என்பது அதன் உச்சம். சூப்பர் மீட்டியோரின் 648 சி.சி. எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் அருகருகே நிற்கின்றன. விட்டம் 78 மி.மீ., வீச்சு 67.8 மி.மீ. என அளவு தலைகீழாக அமைந்திருப்பதால் அது தடையின்றி உயர்சுழற்சிக்கு ஏறுகிறது. உச்ச இழுவை 52.3 நியூட்டன் மீட்டர். முன்னதன் உச்சத் திறன் சுமார் 20 பி.எச்.பி., பின்னதன் திறன் சுமார் 46 பி.எச்.பி.; முன்னதற்கு ஐந்து கியர்கள், பின்னதற்கு ஆறு. எடையில் 191 கிலோவுக்கு எதிராக 241 கிலோ, சக்கர இடைவெளியில் 1,400 மி.மீட்டருக்கு எதிராக 1,500 மி.மீ., இருக்கை உயரத்தில் 765 மி.மீட்டருக்கு எதிராக 740 மி.மீ., தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியில் 170 மி.மீட்டருக்கு எதிராக 135 மி.மீ. என்று வேறுபாடுகள் தொடர்கின்றன. இவற்றுள் விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படுவது திறன். ஆனால் திருவனந்தபுரத்துச் சாலைகளில் முதலில் கவனிக்கப்பட வேண்டியது கடைசியாகச் சொல்லப்பட்ட 35 மி.மீ. வித்தியாசமே.

அதற்கான காரணம் குரூசரின் அமர்நிலையில் உள்ளது. சாதாரணப் பைக்கில் கால்மிதி இடுப்புக்கு நேர் கீழே அல்லது சற்றுப் பின்னால் இருப்பதால், பள்ளமோ வேகத்தடையோ வரும்போது ஓட்டுநர் கால்களை ஊன்றி உடலைச் சிறிதே உயர்த்தி அதிர்வை முழங்காலில் வாங்கிக்கொள்ள முடியும். குரூசரில் கால்கள் முன்னே நீட்டப்பட்டிருப்பதால் அவ்வாறு எழுவது எளிதன்று, உடல் எடை பெரும்பாலும் இடுப்பின் அடிப்பகுதியிலும் வால் எலும்பிலும் தங்குகிறது, சாலையின் ஒவ்வொரு குத்தலும் முதுகெலும்பை நேராகச் சென்றடைகிறது. மனித உடல் செங்குத்து அதிர்வை மிகுதியாக உணர்வது நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை வரையிலான அலைவுகளில் என்பது அதிர்வு ஆய்வுகளில் நிறுவப்பட்ட செய்தி. எனவே, முதல் பத்து நிமிடங்களில் சாய்வு நாற்காலியின் சுகத்தைத் தரும் இருக்கை, பழுதான சாலையில் இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் அதே சுகத்தைத் தரும் என்று கொள்வதற்கில்லை. பின்சக்கரத்து ஷாக் அப்சார்பர் எவ்வளவு தூரம் அமுங்கி எழுகிறது என்பதே அங்கு முடிவு செய்யும் காரணி. சூப்பர் மீட்டியோரில் அந்த அசைவு 101 மி.மீ. மட்டுமே, இருக்கையைத் தாழ்வாக வைக்கும் குரூசர் வடிவமைப்பில் பின்சக்கரத்துக்கு மேல் இடம் குறைவாக இருப்பதால் அதனை அதிகம் நீட்டவும் இயலாது.

தெற்கு நோக்கிய வழியை எடுத்துக்கொண்டால், கழக்கூட்டத்திலிருந்து நகரைச் சுற்றிக்கொண்டு காரோடு வரை செல்லும் நான்குவழிப் புறவழிச்சாலை முதல் சோதனைக் களமாகிறது. முக்கோலாவுக்குத் தெற்கே இச்சாலை தார் நீங்கிக் கான்கிரீட்டாகிறது. கான்கிரீட் சாலைகள் ஒரே பாளமாக வார்க்கப்படுவதில்லை. வெயிலில் விரிவதற்கு இடம்விட்டு, பொதுவாக 4.5 மீட்டர் நீளமுள்ள பலகைகளாக வெட்டப்படுகின்றன. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி அத்தகைய இணைப்புகளில் நொடிக்கு ஏறத்தாழ நான்கையும், 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ ஐந்தையும் கடக்கும். அதாவது, உடல் மிகுதியாக உணரும் அலைவு வரம்பின் வாயிலிலேயே அந்தத் தாளம் விழுகிறது. நல்ல நிலையில் உள்ள இணைப்புகளில் இது மெல்லிய தட்டலாக மட்டுமே கேட்கும் என்றாலும், நீண்ட சக்கர இடைவெளியும் அதிக எடையும் கொண்ட 650 இந்தத் தட்டலைத் தணித்து மிதந்து செல்கிறது என்பதையும், 350 அதைச் சற்றுத் தெளிவாகக் கைக்கும் இடுப்புக்கும் கடத்துகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். சமதளமான இத்தகைய சாலையே சூப்பர் மீட்டியோரின் இயல்பான இருப்பிடம்.

ஆயினும் அந்த இருப்பிடத்தில் சட்டம் குறுக்கிடுகிறது. 2023 சூன் மாதம் கேரளம் 726 தானியங்கிக் கேமராக்களைச் சாலைகளில் இயக்கத் தொடங்கியது. அதையடுத்து சூலை 1 முதல் பிற வாகனங்களின் வேக வரம்புகளைப் பெரும்பாலும் உயர்த்திய அம்மாநிலம், இருசக்கர வாகனங்களுக்கு மட்டும் 70 கி.மீட்டரிலிருந்து 60 கி.மீட்டராகக் குறைத்தது, நகரப் பகுதிகளில் வரம்பு 50 கி.மீ. மணிக்கு 60 கி.மீ. என்பது மீட்டியோர் 350 தன் ஐந்தாம் கியரில், இழுவையின் உச்சத்துக்குக் கீழே, எவ்விதச் சிரமமுமின்றி நாள் முழுவதும் தாங்கக்கூடிய வேகம். சூப்பர் மீட்டியோருக்கோ அது ஆறாம் கியரின் தொடக்கம். அதன் எஞ்சினில் பாதிக்கும் மேற்பட்ட திறன் கேரள எல்லைக்குள் சட்டப்படி பயன்படாமலே இருந்துவிடுகிறது. இருமடங்குக்கும் மேலான திறனுக்குப் பணம் செலுத்தியவர், அத்திறனைக் கொண்டு இம்மாநிலத்துக்குள் நேரத்தை மிச்சப்படுத்த வழியில்லை என்பதை வாங்குமுன் உணர்வது நல்லது.

புறவழிச்சாலையை விட்டு, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் நிலைமை மேலும் மாறுகிறது. கைத்தறிக் கடைகளும் திருமண மண்டபங்களும் பேருந்து நிறுத்தங்களும் சாலையின் இருமருங்கும் நெருங்கி நிற்க, களியக்காவிளையில் எல்லை கடந்த பின்னரும் குழித்துறை, மார்த்தாண்டம், அழகியமண்டபம், தக்கலை என்று ஊர் முடியும் இடத்தில் அடுத்த ஊர் தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் நிர்வாகத்தில் இருந்து, பின்னர் சென்னை மாநிலத்துடன் இணைந்த இப்பகுதியில், பழைய தலைநகரான பத்மநாபபுரத்தின் அரண்மனை தக்கலைக்கு அருகிலேயே இருப்பதால், இது அரசர் காலம் முதலே ஆள் நடமாட்டம் மிகுந்த தடம். இங்கு ஓட்டுநர் கிளட்சைப் பிடித்து விடுவதும், இரண்டாம் மூன்றாம் கியர்களுக்கு இடையே ஊசலாடுவதும், வேகத்தடைகளில் ஏறி இறங்குவதுமாகவே பயணம் கழிகிறது. பின்னிருக்கையில் ஒருவரும் பைகளும் ஏறிய நிலையில் 135 மி.மீ. இடைவெளி மேலும் சுருங்கி, விதிமுறைக்குப் புறம்பாக உயர்த்திக் கட்டப்பட்ட வேகத்தடைகளில் 650இன் அடிப்பகுதி உரசும் வாய்ப்பு உண்டு. 350 அதே தடையை அச்சமின்றிக் கடக்கிறது. காற்றாலும் எண்ணெயாலும் மட்டுமே குளிர்விக்கப்படும் இரண்டு சிலிண்டர்களின் வெப்பம், நெரிசலில் வண்டி நிற்கும்போது காலை எட்டுவதும் இத்தகைய இடங்களில்தான்.

நாகர்கோவிலைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள இவ்விடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கு நோக்கிப் பாய்வதால்தான் முப்பந்தலைச் சுற்றி நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று எழுந்தது. மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இச்சாலையில் செல்லும் இருசக்கர வாகன ஓட்டுநர், பக்கவாட்டில் திடீரெனத் தள்ளும் காற்றையும், லாரி ஒன்றைக் கடந்து அதன் மறைவிலிருந்து வெளிப்படும் கணத்தில் இரட்டிப்பாகத் தாக்கும் வீச்சையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாக உயர்வது இயற்பியலின் அடிப்படை விதி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டிக்கு எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், காற்றில்லாத நாளைவிட இரண்டேகால் மடங்கு எதிர்ப்பை அது சந்திக்கிறது. திருநெல்வேலி நோக்கிச் செல்லும்போது பெரும்பாலும் முதுகுப் பக்கத்திலிருந்து உந்தும் இக்காற்று, திரும்பி வருகையில் எதிர்காற்றாகிறது. நிமிர்ந்து அமர்ந்து, கால்களை முன்னே நீட்டி, மார்பை விரித்துக் காட்டும் குரூசர் ஓட்டுநர் அதன் முழு அடியையும் வாங்கி, ஹேண்டில்பாரைப் பற்றியே தன்னை நிலைநிறுத்திக்கொள்ள வேண்டிய நிலைக்கு ஆளாகிறார். இங்குதான் 241 கிலோ எடை சுமையாக இல்லாமல் துணையாகிறது: பக்கக்காற்றில் கனமான வண்டி குறைவாகவே விலகுகிறது, எதிர்காற்றில் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் கியரை இறக்கும் தேவையின்றி வேகத்தைக் காக்கிறது. முன்கண்ணாடித் தடுப்பு மார்பின் மீதான காற்றழுத்தத்தைக் குறைக்கும். மீட்டியோரில் சூப்பர்நோவா, சூப்பர் மீட்டியோரில் செலஸ்டியல் ஆகிய வகைகள் அத்தடுப்புடன் அறிமுகமாயின. பக்கக்காற்றைப் பிடிக்கும் பரப்பையும் அதே தடுப்பு கூட்டிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காவல்கிணறுக்கு அப்பால் கன்னியாகுமரியையும் மதுரையையும் இணைக்கும் நான்குவழி நெடுஞ்சாலை தொடங்குகிறது. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கை இத்தகைய சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்கு வகுத்த உச்சவரம்பு மணிக்கு 80 கி.மீ. வேகம் 60இலிருந்து 80க்கு உயரும்போது காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ 2.4 மடங்காகிறது, காரணம், எதிர்ப்பு விசை இருமடியாக உயர, அதற்கான திறன் மும்மடியாக உயர்கிறது. இருவர் ஏறிய மீட்டியோர் 350 இவ்வேகத்தைத் தாங்காமல் போவதில்லை. ஆனால் தன் இருபது பி.எச்.பியில் கணிசமான பகுதியை அதற்கே செலவிட்டுவிடுவதால், முன்னே செல்லும் கனரக வாகனத்தைக் கடப்பதற்கான கையிருப்பு அதனிடம் குறைவு. சூப்பர் மீட்டியோரிலோ, நிமிடத்துக்கு 2,500 சுழற்சியிலேயே உச்ச இழுவையில் எண்பது விழுக்காடு கிடைக்கிறது என்று நிறுவனம் கூறுகிறது. அது 350இன் உச்சத்தையும் விஞ்சிய அளவு. வெடிப்புகளைச் சீரற்ற இடைவெளியில் அமைக்கும் 270 பாகைக் கிராங்க் தண்டும், அதிர்வைச் சமன்செய்யும் தண்டும் அதில் இருப்பதால், கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர் என்று வெயில் பரந்த சமவெளியில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் செல்லும்போது கைகளில் மரமரப்பு ஏற்படுவது குறைகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 300 கி.மீ. இரு வண்டிகளும் சட்ட வரம்புக்குள் ஓடினால் அவை மதுரையை அடையும் நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இராது; இறங்கும் மனிதரின் முதுகும் தோளும் எந்நிலையில் இருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. எரிபொருளில் 350 லிட்டருக்கு ஏறத்தாழ 35 கி.மீ. தரக்கூடியது என்றும் 650 அதே ஓட்டத்தில் 24 கி.மீ. அளவில் நிற்கும் என்றும் கொண்டால், அப்பயணத்துக்கு முன்னதற்கு 9 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் பின்னதற்குச் சுமார் 12.5 லிட்டரும் ஆகும். இரண்டின் கலன்களும் முறையே 15, 15.7 லிட்டர் என்பதால் இடைவழியில் நிரப்பும் கட்டாயம் எதற்கும் இல்லை.

மலைச்சாலைகள் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் முடியும் அப்பாதை பல இடங்களில் ஒரு பேருந்தும் ஒரு காரும் ஒதுங்கிக் கடக்கும் அகலமே கொண்டது. சக்கர இடைவெளி நீண்ட வண்டி திரும்புவதற்கு அகன்ற வட்டத்தைக் கேட்கும். தாழ்ந்த கால்மிதி, வண்டி வளைவில் சாயக்கூடிய அளவை முன்கூட்டியே கட்டுப்படுத்தும். ஆகவே சூப்பர் மீட்டியோரில் செல்பவர் ஒவ்வொரு ஊசி வளைவையும் கிட்டத்தட்ட நடைவேகத்தில், கிளட்சையும் பின்பிரேக்கையும் ஒருங்கே பயன்படுத்திச் சுற்ற வேண்டியிருக்கிறது. 50 கிலோ குறைந்த 350 அதே வளைவில் கை சொன்னபடி திரும்புகிறது. சரிவில் முன்பக்கமாக நிறுத்திய வண்டியைக் காலால் உந்திப் பின்னோக்கி எடுக்கும்போது இந்த எடை வேறுபாடு மேலும் உறுத்தலாகும்.

செங்கோட்டை வழியும் அதே பாடத்தை வேறு விதமாகச் சொல்கிறது. பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை வரை ரப்பர் தோட்டங்களின் நிழலில் வளைந்து செல்லும் சாலை, தென்மலையில் கொல்லம் நெடுஞ்சாலையுடன் சேர்ந்து, கழுதுருட்டிக்கு அருகே 1904இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை இருப்புப்பாதையின் பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து, ஆரியங்காவுக்கு ஏறிக் கோட்டைவாசலில் தமிழகத்துக்குள் இறங்குகிறது. புளியரைச் சரிவில் கட்டுமானப் பொருள் ஏற்றிய லாரிகள் எறும்பு வரிசையாய் ஏறும். 650இன் கையிருப்பு அங்கு மனத்தளவில் தெம்பூட்டினாலும், பார்வை மறைக்கும் வளைவுகள் முந்துவதற்கு இடம் தருவதில்லை. சூன் தொடக்கத்தில் பருவமழை இறங்கியபின் மலையின் மேற்குச் சரிவில் சாலை வாரக்கணக்கில் உலராது, இலைச் சருகு டயருக்கும் தாருக்கும் இடையே வழுக்குப் படலமாகும். கிழக்கே இறங்கியதும் அம்மழை குற்றாலச் சாரலாக மெலிந்துவிடுகிறது. திடீர் பிரேக்கில் சக்கரம் உருளாமல் சறுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு இரு வண்டிகளிலும் இரு சக்கரங்களுக்கும் உண்டு. டியூப்லெஸ் டயர்களும் இரண்டிலும் இருப்பதால் காட்டுவழியில் ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகவே இறங்கும். இவ்விரு வகைகளிலும் கூடுதல் விலை கொடுத்தவருக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை.

விலையின் வேறுபாடோ சிறிதன்று. அறிமுகக் காலத்தில் மீட்டியோர் 350இன் விற்பனைக்கூட விலை ஏறத்தாழ 1.76 லட்சம் ரூபாயிலும், சூப்பர் மீட்டியோர் 650இன் விலை ஏறத்தாழ 3.49 லட்சம் ரூபாயிலும் தொடங்கின. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களின் சரக்கு–சேவை வரி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, மேல்வரியுடன் சேர்ந்து 31 விழுக்காடாக இருந்தது 40 ஆக உயர்ந்தது. 349, 648 என்ற இரு எண்களும் அந்த வரிக்கோட்டின் இரு பக்கங்களிலும் விழுவதால் இடைவெளி மேலும் விரிந்தது. விலை உயர உயர விகிதமும் உயரும் கேரளச் சாலை வரி இதன் மேல் சேர்கிறது. அந்த வேறுபாட்டுத் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டே 350இன் இருக்கையைத் தேர்ந்த கைவினைஞரிடம் உடலுக்கேற்பத் திருத்தி, முதுகுச் சாய்வும் காற்றுத் தடுப்பும் பொருத்தி, நல்ல மழையுடையும் தலைக்கவசமும் வாங்கிவிடலாம்; நெடும்பயணத்தில் இவை தரும் ஆறுதல் பல குதிரைத்திறன்களுக்கு ஈடானது.

ஆகவே, தேர்வைத் தீர்மானிப்பது ஓர் ஆண்டில் வண்டியின் சக்கரங்கள் எந்தச் சாலையில் அதிக மணிநேரம் சுழலும் என்ற கணக்கே. நகருக்குள் அலுவலகம், வாரக்கடைசியில் பொன்முடி அல்லது தென்மலை, எப்போதாவது கன்னியாகுமரி என்று வாழ்பவருக்கு மீட்டியோர் 350 போதுமானது. அதனினும் மேலாக, அச்சாலைகளுக்கு அதுவே பொருத்தமானது. மாதந்தோறும் பின்னிருக்கையில் துணையுடன் திருநெல்வேலி, மதுரை, அதற்கும் வடக்கே என்று செல்பவருக்கும், பருவக்காற்றுக் காலத்திலும் அப்பயணத்தை நிறுத்தாதவருக்கும் சூப்பர் மீட்டியோர் 650 தன் விலைக்கான நியாயத்தை ஆரல்வாய்மொழிக்கு அப்பால் காட்டிவிடும். விற்பனைக் கூடத்தார் தரும் சில நிமிடச் சோதனை ஓட்டத்தில் இவ்வேறுபாடு புலப்படாது. வாடகைக்கோ நண்பரிடமோ இரு வண்டிகளையும் பெற்று, ஒவ்வொன்றிலும் பழைய நெடுஞ்சாலை வழியே நாகர்கோவில் வரை சென்று, கணவாயைக் கடந்து காவல்கிணறு வரை ஓட்டித் திரும்புவதே, இந்நகரில் வாழ்பவர் முன்பணம் செலுத்துவதற்கு முன் மேற்கொள்ளத்தக்க நேர்மையான தேர்வு.